ஹுவே கோட்டைக்கு எந்த வாசல்?

பயணச் சீட்டு வருவதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது. புதுச்சேரியில் அதுதான் முறை. காதுகுத்துக்குப் பேனர் உண்டு, கண்ணீர் அஞ்சலிக்குப் பேனர் உண்டு. ஒரு மனிதர் விமானம் ஏறிக் கடல் தாண்டப் போகிறார் என்றால் சும்மா விடுவார்களா?

கருவடிக்குப்பத்தில் தெய்வசிகாமணியின் தெருமுனையில், மின்கம்பத்துக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே அது நின்றது. தெய்வசிகாமணியின் தலையைக் கோட்டு சூட்டு போட்ட வேறு யாருடைய உடம்பின் மேலோ ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு கோட்டை வாசல், மேலே ஒரு விமானம், கீழே தெருக்காரர்கள் பதினெட்டுப் பேரின் முகங்கள். "வியட்நாம் நாட்டின் பழம்பெரும் தலைநகர் ஹுவே காணப் புறப்படும் எங்கள் அண்ணனை வாழ்த்தி வழியனுப்புகிறோம்!" என்று சிவப்பு எழுத்துகள். வைத்தவர் அம்மாவாசை. தெய்வசிகாமணியோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்த கூட்டாளி.

"இன்னாய்யா, தேதியே போடல?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"தேதிய வாரியம் சொல்லும்ல? சொன்னதும் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். எடம் உட்டு வெச்சிருக்கேன் பாரு."

இடம் நன்றாகவே விட்டிருந்தார். அந்த வெள்ளைக் கட்டம் ஒன்றரை வருடம் வெள்ளையாகவே இருந்தது.

தெய்வசிகாமணிக்கு வயது அறுபத்தாறு. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து வருடம் லேத் ஓட்டியவர். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போடுவார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. நாற்காலிக்கு முதுகு எதற்கு என்பது இன்றுவரை அவருக்கு விளங்காத விஷயம். ஒருமுறை பட்டறை முதலாளி, அவசர ஆர்டர் என்று சொல்லி, அளந்து பார்க்காத, ஒரு வண்டி நிறைய இருந்த இரும்பு ஷாஃப்டுகளுக்கு 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துக் கேட்டார். "அளக்காத உருப்படிக்கு எங்க கை போடாது" என்று சொல்லிவிட்டு இவர் எட்டு நாள் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். 'எங்க கை' என்றது மில்லில் நெசவுப் பகுதியில் இருந்த அப்பாவின் கையையும் சேர்த்து. ஒன்பதாம் நாள் முதலாளி கார் அனுப்பினார். கார் முன்னால் போக, தெய்வசிகாமணி பின்னால் சைக்கிளில் போனார்.

ஹுவே ஆசை அவருடையது அல்ல, மனைவி சுலோசனாவுடையது. அந்த ஆசைக்கும் காரணம் சம்பந்தி. மகள் துர்காவின் மாமனார் ராமலிங்கம், நான்கு நாள் சிங்கப்பூர் போய்வந்து நான்கு வருடமாக அதையே பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து மோர் குடித்தால், "இந்த மோரு சிங்கப்பூர்ல கெடைக்காது சம்பந்தி" என்பார். மழை பெய்தால், "அங்க பேஞ்சா தண்ணி நிக்காது." மழை பெய்யாவிட்டால், "அங்க தெனம் பெய்யும்." ஒருநாள் அவர் எழுந்து போனபிறகு, அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கோடாலித் தைலப் புட்டியை அலமாரியின் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்து சுலோசனா சொன்னாள்:

"ஏங்க, கல்யாணமாயி முப்பத்தெட்டு வருசம். திருப்பதி தாண்டி நான் போனதில்ல. எனக்கு சிங்கப்பூர் வேணாம். அந்த மனுசன் கால் படாத ஊரா, ராஜா இருந்த பழைய ஊரா ஒன்னு பாக்கணும்."

ஊரையும் அவளே கைப்பேசியில் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஹுவே. ராஜாக்களின் கோட்டை, அதற்குள் இன்னொரு கோட்டை, பக்கத்தில் ஒரு ஆறு, ஆற்றில் படகு. துர்காவின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள்.

"கூட்டிட்டுப் போறேன்" என்றார் தெய்வசிகாமணி.

அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது முத்திரைத்தாள். முத்திரைத்தாளுக்கும் மேல் என்றே சொல்லலாம். முத்திரைத்தாள் சில சமயம் செல்லாமல் போவதுண்டு.

"அப்பா, போன்லயே எல்லாம் போட்டுடலாம். ஒரு வாரத்துல கெளம்பிடலாம்" என்றாள் துர்கா.

அங்கேதான் தெய்வசிகாமணி தவறு செய்தார். பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தார். மூத்தோர் அயலகப் பண்பாட்டுப் பயண வாரியம், தகுதியுள்ள முதியவர்கள் பத்துப் பேரை ஹுவே நகருக்கு அழைத்துச் செல்லவிருக்கிறது. "அரசாங்கமே முறையா கூட்டிட்டுப் போவும்போது நாம எதுக்குக் குறுக்கால போவணும்?" என்றார். விண்ணப்பித்தார். பேர் வந்தது. பேனரும் வந்தது.

வாரியம் கடற்கரைக்கு அருகில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து உயரமான கதவுகள். அவற்றுக்குள் நுழைகிறவர்கள் குனிய வேண்டியதில்லை. ஆனாலும் குனிந்துதான் நுழைந்தார்கள். அது வாரியத்தின் காற்று.

முதல் நாள், உறுப்பினர் செயலர் ஹரிகிருஷ்ணன் பத்துப் பேரையும் உட்காரவைத்து உரையாற்றினார்.

"பயணம் என்றால் போவது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். போவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நாற்பத்தொரு கட்டங்கள் இருக்கின்றன. பெருமையோடு சொல்கிறேன். இந்த வாரியம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் ஒரு முதியவர்கூட அயல்நாட்டில் வழி தவறவில்லை. ஒருவருக்குக்கூடக் கால் இடறவில்லை, வயிறு கெடவில்லை. ஏன்? ஒருவரைக்கூட நாங்கள் இன்னும் அனுப்பவில்லை!"

ஊழியர்கள் கைதட்டினார்கள். முதியவர்களும், மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள். தெய்வசிகாமணி கையைத் தொடையிலிருந்து எடுக்கவில்லை.

விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர் பாவாடை என்ற எழுத்தர். நல்ல மனிதர்தான். இருபது வருடம் அந்தக் காற்றில் இருந்துவிட்டார்.

"பெரியவரே, பதினாலாவது கேள்வி, காண விரும்பும் நோக்கம். 'பார்க்க'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. பாக்கத்தான்."

"அப்படி எழுதினா அது டூரிசம் ஆயிடும். அதுக்கு வேற ஆபீஸ் இருக்கு. நாம பண்பாடு."

"அப்ப அங்க போயி நாம இன்னா பண்ணுவோம்?"

"பண்பாட்டு நோக்கில் அவதானிப்போம்."

"கண்ணாலதான?"

"கண்ணாலதான். ஆனா பாக்க மாட்டோம்."

அடுத்தது கண் சான்றிதழ். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காலைப்பொழுது முழுவதும் வரிசையில் நின்று, 'பார்வை நன்று' என்று எழுதி வாங்கி வந்தார். வாரியம் திருப்பி அனுப்பியது. பழைமையைக் காணும் திறன் பற்றிக் குறிப்பு இல்லையாம். மறுபடி வரிசை. அந்தச் சின்ன வயது டாக்டரம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய சுவரைக் காட்டி, "தெரியுதா தாத்தா?" என்றாள்.

"தெரியுது. ரெண்டு எடத்துல காரை பேந்திருக்கு."

'இருநூறு ஆண்டுப் பழைமை வரை தெளிவாகக் காண்கிறார்' என்று எழுதி முத்திரை குத்தினாள். வாரியத்தில் பாவாடை அதைப் படித்து, ஒரு புத்தகத்தைப் புரட்டி, பெருமூச்சு விட்டார். "கோட்டை கட்ட ஆரம்பிச்சு இருநூத்தி இருபது வருசம் ஆவுது பெரியவரே. இருபது வருசம் இடிக்குது."

மூன்றாம் முறையும் வரிசையில் நின்று அந்த இருபது வருடத்தை வாங்கி வந்தார்.

துணைக்கு ஒருவரை அழைத்துவர விதியில் இடம் இருந்தது. ஆனால் மனைவி என்ற சொல்லுக்கு இடம் இல்லை. படிவத்தில் 'தாங்குநர்' என்று இருந்தது. பயனாளி மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டியவர். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு சுலோசனாவுக்கு அரசு கொடுத்த பதவி அது. அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. "இத்தினி வருசமா சும்மா தாங்கினேன். இப்பதான் ஆர்டர் வந்திருக்கு" என்றாள்.

தாங்கும் பயிற்சி அன்று பெரிய தகராறு. ஒவ்வொரு பயனாளியும் மெத்தையின் முன்னால் நின்று மயங்கிச் சாய வேண்டும், தாங்குநர் பிடிக்க வேண்டும், பயிற்சியாளர் மதிப்பெண் போடுவார். பத்துப் பேரில் ஒருத்தியான சின்னப்பாப்பா என்ற கிழவி, வயல் வேலை செய்து காய்ந்த உடம்புக்காரி, மூன்று முறை மயங்கி மூன்று முறையும் முழு மதிப்பெண் வாங்கினாள். தெய்வசிகாமணியின் முறை வந்தது. அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"சாயுங்க சார்."

"சாய மாட்டேன்."

"சும்மா நடிப்புதான் சார்."

"எங்க குடும்பத்துல பொது எடத்துல யாரும் விழுந்ததில்ல. மில்லுல அடிதடி நடந்த அன்னிக்குக்கூட எங்கப்பா நின்ன எடத்துலயேதான் நின்னாரு. உங்க மார்க்குக்காக நான் விழ மாட்டேன்."

பயிற்சியாளர் செயலரை அழைத்தார். செயலர் விதிப்புத்தகத்தை அழைத்தார். கடைசியில் சுலோசனாதான் வழி கண்டாள். அவளே மெத்தையில் சரிந்தாள். தெய்வசிகாமணி பதறிப்போய்ப் பிடித்தார். 'பயனாளி தாங்குநரைத் தாங்கினார். நிபந்தனையுடன் தேர்ச்சி' என்று கோப்பில் எழுதினார்கள்.

அதன் பிறகு களப்பயிற்சி. ஹுவே நகரில் ஓடும் ஆற்றுக்கு, அந்த ஊர்க்காரர்கள் வாசனை ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் கரையில் நின்று வியந்து பழகவேண்டும். அதற்கு வாரியம் தேர்ந்தெடுத்த இடம், நம் ஊரில் சாக்கடை ஓடும் பெரிய வாய்க்கால்.

பத்துப் பேரும் வாரியம் கொடுத்த வியட்நாம் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக வரிசையில் நின்றார்கள். பயிற்சியாளர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "இதோ உங்கள் முன் வாசனை ஆறு. இலையுதிர் காலத்தில் கரையோரப் பூக்கள் விழுந்து நீர் மணக்கிறது. மூச்சை ஆழ இழுங்கள்."

"எய்யா, இழுத்தா இங்கேயே நெசமா மயங்கிடுவேன்" என்றாள் சின்னப்பாப்பா. "அதுக்கு மார்க்கு உண்டா?"

ஸ்கூட்டரில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதில் ஒருவர் ராமலிங்கம். தலைக்கவசத்தைக் கழற்றி, நிதானமாகக் கேட்டார்:

"இன்னா சம்பந்தி, இதுதான் வியட்நாமா? பக்கத்துலயே இருக்கே. சொல்லியிருந்தா நானே வண்டியில எறக்கி உட்டுருப்பேனே."

தெய்வசிகாமணி தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றினால் வெட்கப்பட்டதாக ஆகிவிடும். நேராக நின்று, வாய்க்காலைப் பார்த்து, மூச்சை ஆழ இழுத்தார். அன்று முழு மதிப்பெண் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

இதற்குப் பிறகு கோப்பு நின்றுவிட்டது. நின்ற இடம் ஒரு வாசல்.

ஹுவே அரண்மனைக் கோட்டையின் முகப்பில் ஐந்து வாசல்கள். நடுவாசல் அரசருக்கு மட்டும். அதன் இரு பக்கமும் அதிகாரிகளுக்கு. ஓரத்து வாசல்கள் இரண்டும் படைவீரர்களுக்கும் யானை குதிரைகளுக்கும். சுலோசனாவின் நோட்டில் இது இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. வாரியத்துக்கு இது ஏழு மாதம் கழித்துத் தெரிந்தது. தெரிந்ததும் கேள்வி பிறந்தது. நம் முதியவர்கள் எந்த வாசல் வழியாக நுழைவது? நடுவாசல் என்றால் அரசரோடு சமமாகிறது. அதிகாரிகள் வாசல் என்றால் வாரிய அதிகாரிகளோடு சமமாகிறது. அரசரோடு சமமாவதில் செயலருக்கு ஆட்சேபம் இல்லை, மற்றதில் இருந்தது. யானை வாசல் என்றால் முதியவர்களை அவமதித்ததாகப் பத்திரிகைகள் எழுதும்.

"கள ஆய்வு தேவை" என்று குறிப்பு எழுதப்பட்டது. எட்டு அதிகாரிகள் ஹுவே போனார்கள். வாசல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க. இருந்தன. நான்கு மாதம் கழித்து இரண்டாம் குழு போனது, முதல் குழு பார்த்த வாசல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க. மூன்றாம் முறை குடும்பத்தோடு போனார்கள்.

"முதியவர்கள் குடும்பத்தோடு பயணம் செய்தால் எத்தகைய இன்னல்கள் ஏற்படும் என்பதை அறிய வேண்டியிருந்தது" என்று செயலர் ஒரு கூட்டத்தில் விளக்கினார். "இதற்காக என் மனைவியும், மாமியாரும், மச்சினியும் தங்கள் வீட்டு வசதிகளைத் துறந்து ஒன்பது நாள் ஐந்து நட்சத்திர விடுதியில் தங்கினார்கள். அந்தத் தியாகத்தை வாரியம் மறக்காது."

எட்டு அதிகாரிகள் மூன்று முறை கடல் தாண்டிய காலத்தில் பேனர் வெளுத்துப்போனது. வெயிலில் முதலில் சிவப்பு எழுத்துகள் போயின. அப்புறம் விமானம் போனது. மழையில் ஒரு மூலை கிழிந்து, கோட்டு சூட்டு போட்டவர் இடுப்பு வரை தொங்கினார். அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு தடவையும் ராமலிங்கம் வண்டியை மெதுவாக்குவார்.

"சம்பந்தி, தலை மட்டுந்தான் இன்னும் இருக்கு. சீக்கிரம் பிளைட் ஏறுங்க."

துர்காவுக்கு மாமனார் வீட்டில் காது கூசியது. "எங்கப்பா போவாரு மாமா" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. தெய்வசிகாமணி தெருமுனையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போக ஆரம்பிக்கவில்லை. பேனருக்குக் கீழேதான், தலை நிமிர்ந்து, பால் வாங்கப் போனார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பாலைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். சுலோசனா நோட்டை மூடி வைப்பாள்.

ஒருநாள் வாரியத்திலிருந்து பதிவுத்தபால் வந்தது.

'ஹுவே நகரில் காண வேண்டிய இடங்கள் அனைத்தும் வாரிய அதிகாரிகளால் பயனாளிகளின் சார்பில் மும்முறை காணப்பட்டுவிட்டன. எனவே திட்டத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறியது. பயனாளிகள் நிறைவு விழாவில் கலந்துகொண்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஹுவே கண்ட சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம். சிற்றுண்டி உண்டு.'

அம்மாவாசை கடிதத்தைப் படித்துவிட்டுத் துள்ளினார்.

"போவாமயே போயிட்டு வந்தாச்சு! கையெழுத்த போட்டுட்டு வாய்யா. நான் புது பேனர் அடிச்சிடறேன். 'ஹுவே கண்டு திரும்பிய எங்கள் அண்ணன்.' உங்க சம்பந்தி வாயில ஈ பூந்தாக்கூட தெரியாது."

தெய்வசிகாமணி கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவருக்கும் அந்த நினைப்பு வந்ததை மறைப்பதற்கில்லை. ஒரு கையெழுத்து. மகளுக்கு மாமியார் வீட்டில் தலை நிமிரும். தெருவில் பேச்சு அடங்கும். கட்டம் போட்டுத் தங்க நிறத்தில் அச்சடித்த அரசுச் சான்றிதழ் கூடத்தில் தொங்கும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தெருவே வேனில் வந்திருந்தது. ராமலிங்கமும் ஒரு சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சால்வையைப் போடுவதா வேண்டாமா என்று கடைசி நிமிடத்தில் முடிவு செய்வார் போலிருந்தது. மேடையில் ஹுவே கோட்டையை வரைந்த பெரிய திரை. பயனாளிகள் கூம்புத் தொப்பி போட்டு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சுலோசனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்குற?"

"வாசல் நாலுதான் போட்டிருக்காங்க" என்றாள். நோட்டு அவள் மடியில் இருந்தது. எதற்கு அதை எடுத்து வந்தாளோ தெரியவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். தெய்வசிகாமணி மேடை ஏறினார். பாவாடை பதிவேட்டைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டி, பேனாவை நீட்டினார். 'ஹுவே நகரை நேரில் கண்டேன்' என்று அச்சிட்டிருந்தது. கீழே ஒன்பது கையெழுத்துகளும் ஒரு கைநாட்டும் போட இடம். ஆறு பேர் போட்டு முடித்திருந்தார்கள்.

அவர் பேனாவை வாங்கவில்லை. செயலரைப் பார்த்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். மூணு தடவ போனீங்களே, எந்த வாசல் வழியா உள்ள போனீங்க?"

ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் கேள்வி மண்டபம் முழுவதும் கேட்டது. செயலர் சிரித்தார். கேள்வி கேட்கும் பயனாளி வாரியத்தின் வெற்றிக்கு அடையாளம் என்று கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு விளக்கினார்:

"இங்கேதான் வாரியத்தின் ஒழுங்கை நீங்கள் கவனிக்க வேண்டும். எந்த வாசல் என்ற கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கோப்பு முடியாமல் ஒரு அதிகாரி எப்படி நுழைய முடியும்? நாங்கள் மூன்று முறையும் கோட்டைக்கு எதிரே நின்று, வெளியிலிருந்தே அவதானித்துவிட்டு, விடுதிக்குத் திரும்பினோம். பக்கத்திலேயே சின்னஞ்சிறு குழந்தைகள்கூட உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர், ஒரே ஒருவர்கூட, சபலப்படவில்லை!"

கைதட்டல் எழுந்தது. இந்த முறை ஊழியர்கள் மட்டுமே தட்டினார்கள்.

"அப்ப உள்ள யாருமே போவல."

"விதிப்படி யாரும் போகக்கூடாது."

"போவாதவங்க எங்களுக்காகப் பாத்தீங்க. பாத்தோம்னு நாங்க கையெழுத்துப் போடணும்."

"அதேதான்!" என்றார் செயலர். விஷயம் கடைசியில் ஒருவருக்காவது புரிந்ததே என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

தெய்வசிகாமணி கூம்புத் தொப்பியைக் கழற்றிப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

"அளக்காத உருப்படிக்கு எங்க கை போடாது."

"சார், சான்றிதழ் அடிச்சாச்சு! உங்க பேர் போட்டாச்சு!" என்று பாவாடை கிசுகிசுத்தார். "ஒரு கையெழுத்துதான பெரியவரே. ஊர்ல யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றார்.

படியிறங்கி, முன்வரிசை வழியாகவே நடந்தார். சுலோசனா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். சின்னப்பாப்பா தன் தொப்பியையும் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "சிற்றுண்டி மட்டும் சாப்ட்டுட்டு வரேன்" என்றாள்.

வாசலில் ராமலிங்கம் வந்து வழிமறித்தார். சால்வை இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.

"இன்னா சம்பந்தி இப்படிப் பண்ணிட்டீங்க? வந்த மரியாதைய உட்டுட்டீங்களே. இப்ப அந்த பேனர் மானம் இன்னா ஆவறது?"

"பேனர் பொய் சொல்லிச்சு. நான் சொல்லல" என்றார் தெய்வசிகாமணி.

அன்று மத்தியானமே, எல்லோரும் பார்க்க, உச்சி வெயிலில் ஏணி போட்டு ஏறினார். அம்மாவாசை, "வுடுய்யா, ஆள வெச்சு எறக்கறேன்" என்று கெஞ்சியும் கேட்கவில்லை. கட்டுக்கம்பிகளைத் தானே அவிழ்த்து, பேனரைத் தானே மடித்து, தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒழுகிக்கொண்டிருந்த விறகுக் கொட்டகைக் கூரை மேல் விரித்துக் கல் வைத்தார். பதினெட்டுப் பேரின் முகங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு கொட்டகை ஒழுகவில்லை. அந்த வாரியத்தின் திட்டத்தால் அவர் குடும்பம் அடைந்த பயன் அது ஒன்றுதான்.

உள்ளே வந்து துர்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"அந்தப் போன்ல போடறேன்னியே, போடு. உங்கம்மாக்கும் எனக்கும். பட்டறையில கணக்கு முடிச்சப்ப வந்த பணம் அப்படியே கெடக்கு. யாருகிட்டயும் சொல்லாத. உங்க மாமனாருகிட்ட முக்கியமா."

சுலோசனா இட்லிக்கு அரிசி ஊறவைத்திருந்தாள். அதை அரைத்து முடிப்பதற்குள் துர்கா விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். அந்த மாவு புளித்துத் தீர்வதற்குள் விசா வந்துவிட்டது. காண விரும்பும் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றிப் பார்க்க' என்பதைத் தொட்டால் போதுமாக இருந்தது. யாரும் யாரையும் விழச் சொல்லவில்லை.

பத்து நாள் வீடு பூட்டியிருந்தது. பதினோராம் நாள் ராமலிங்கம் வந்தார்.

"எங்க சம்பந்தி ஆளையே காணோம்? திருப்பதியா?"

சுலோசனா மோர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புத் தகர டப்பா. ராமலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே இருந்த எழுத்து சிங்கப்பூர் எழுத்து இல்லை.

"தைலம்" என்றாள் சுலோசனா. "அவங்க ஊருது. ஆத்துல படகுல போனப்ப ஒரு பொம்பள வித்தா. தல வலிக்குப் போட்டுக்கிங்க அண்ணே."

அவர் மோரைக் குடித்து முடித்தார். சிங்கப்பூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, கைமறதியாக வண்டிப் பெட்டியிலேயே கிடந்த அந்தச் சால்வையை எடுத்து வந்து, தெய்வசிகாமணியின் தோளில் போட்டுவிட்டுப் போனார். தெய்வசிகாமணி அதை உதறவும் இல்லை, குனிந்து வாங்கவும் இல்லை.

செய்தி எப்படியோ வாரியத்துக்கு எட்டியது. ஒரு மாதத்தில் விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. 'நிலுவையிலுள்ள கோப்புக்கு முரணாக, வாரியத்தின் அனுமதியின்றி, தாங்குநருடன் ஹுவே கோட்டைக்குள் நுழைந்து நேரில் கண்டதாகத் தெரியவருகிறது. எந்த வாசல் வழியாக நுழைந்தீர் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

தெய்வசிகாமணி முதுகு சாயாமல் உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சுலோசனாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பதில் எழுதினார்.

'ஐயா, நடுவாசல் சாத்தியிருந்தது. ராஜா இல்லை. பக்கத்து வாசல் ஒன்றில் சீட்டு வாங்கிக்கொண்டு விட்டார்கள். வயது கேட்கவில்லை, நோக்கம் கேட்கவில்லை. உள்ளே நிறைய இடம் போரில் இடிந்திருக்கிறது. இடிந்ததை இடிந்தது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் அவதானிக்கவில்லை, பார்த்தோம். என் மனைவி மயங்கவில்லை. நான் விழவில்லை. ஐந்து வாசல்களின் அகலத்தையும் என் காலடியால் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் கோப்புக்குத் தேவையென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளவும். எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல்தான். குழப்பம் இருக்காது.'

ஒருமுறை படித்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. கையெழுத்தைப் போட்டார்.